ஐந்தாவது பட்டை

நான்கு இலட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபா.

அந்தத் தொகையை ராசமலர் வாயால் சொல்லவில்லை. நான்காக மடித்த கடதாசியை மேசையில் வைத்து, ஒற்றை விரலால் ஸல்ஹாவின் பக்கம் தள்ளிவிட்டாள். பிறகு அந்த விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

உட்துறைமுக வீதியில், வலைக்கடைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறைதான் ஸல்ஹாவின் துப்பறியும் அலுவலகம். மூன்று கதிரை, ஓர் அலுமாரி, கடல் பார்த்த ஒரு யன்னல். காப்புறுதிக் கம்பனியொன்றில் பதினாறு வருடம் பொய்க் கணக்குகளைத் தோண்டிக் களைத்துப்போய், அந்த வேலையை விட்டுவிட்டு இதைத் தொடங்கியவள். துணைக்கு முனாஸ். துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் மூட்டை சுமந்தவன். முதுகெலும்பு கைவிட்ட பிறகு ஓட்டோ வாங்கினான். முதுகு போனாலும் வாய் போகவில்லை.

"வானொலியில சத்தம் பாக்கிற வேலை என்ர மனிசனுக்கு," என்றாள் ராசமலர். "ஓர்ஸ் ஹில்லில, கொட்டியாரக் காற்று வானொலி. பதினொரு வருசம். ஓகஸ்டில ஏதோ பெட்டியைப் பிழையாக் கூட்டி வச்சதால நிலையத்துக்குப் பெரிய நட்டம் வந்ததாம். 'பிழை என்ர' எண்டு எழுதிக் குடுத்தவர். வீட்டு உறுதியையும் ஈடா வச்சவர். முதல் தவணை இருபதாயிரம் கட்டினவர். மூண்டாம் கிழமை..."

மிச்சத்தை முனாஸ் அறிவான். துறைமுகம் முழுக்க அந்தக் கதைதான். ராசமலரின் கணவர் குஞ்சித்தம்பி துறைமுகத்தின் இரண்டாம் வாசலடியில் நின்றார். உரம் ஏற்றின லொறியொன்று பின்னுக்கு வந்தது. அவர் விலகவில்லை.

"பின்னுக்கு வாற லொறி கத்திக்கொண்டுதானே வரும்," என்றாள் ராசமலர். "பத்துப் பேர் கேட்டிருக்கினம். இவர் திரும்பியும் பாக்கேல்லையாம். கடனுக்காக வேணுமெண்டு நிண்டவர் எண்டு ஊர் கதைக்குது. என்ர மகளை அவளின்ர மாமி முகத்துக்கு நேர கேட்டவ, 'கொப்பர் தற்கொலையோ' எண்டு."

யன்னலுக்கு வெளியே ஒரு படகு எஞ்சின் இருமி இருமி அணைந்தது.

"நீங்க என்ன நினைக்கிறீங்க அக்கா?" என்று ஸல்ஹா கேட்டாள்.

"அவர் பிழை விடுற ஆள் இல்ல, மிஸ். ஆரோ செய்ததை அவரின்ர தலையில கட்டிப்போட்டினம். செய்யாத பிழைக்காகவோ அந்த மனிசன் போய் லொறிக்கு முதுகு குடுத்தது? எனக்கு அது தெரியோணும். காசை வீட்டை வித்தும் குடுக்கலாம். இதை எதை வித்துத் தீர்க்கிறது?"

"வீட்டில ஆள் எப்பிடி? சண்டை, மனக்கவலை?"

"சண்டையோ? கடைசி ரெண்டு வருசமும் வாயே திறக்கிறேல்ல. எதுக்கும் ஓம்தான். அரிசி முடிஞ்சுது எண்டாலும் ஓம். உங்களுக்கென்ன விசரோ எண்டாலும் ஓம்."

"அப்பிடி ஒரு புருசன் கிடைக்க என்ர பொஞ்சாதி மூணு நோன்பு கூடப் புடிப்பா அக்கா," என்றான் முனாஸ்.

ராசமலர் சிரித்தாள். சிரிப்புப் பாதியில் உடைந்து வேறொன்றாகப் போனது. முனாஸுக்குத் தன் வாயைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும்போல் இருந்தது.

கொட்டியாரக் காற்று வானொலி மூன்று அறை வீடொன்றில் இயங்கியது. சொந்தக்காரரும் முகாமையாளரும் தர்மசீலன்தான். நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் மூன்று பேனை, கண்ணுக்குக் கீழே நித்திரை கெட்ட கறுப்பு. ஆளைப் பார்த்தால் கெட்டவராகத் தெரியவில்லை என்பதே முனாஸுக்குப் பெரிய ஏமாற்றம்.

"இதுதான் அந்தப் புரொசெசர்," என்று காட்டினார்.

கறுப்பு இரும்புப் பெட்டி. முகத்தில் ஐந்து வரிசைப் பச்சை விளக்குகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"இது என்ன செய்யும்?" என்று ஸல்ஹா கேட்டாள்.

"அறிவிப்பாளர் மெல்லக் கதைச்சாத் தூக்கும், கத்தினா அமத்தும். பாட்டு, விளம்பரம், மரண அறிவித்தல் எல்லாம் ஒரே உயரத்தில வெளியில போகும். இது இல்லாட்டிச் சனம் ரேடியோவைக் கூட்டிக் குறைச்சே களைச்சுப்போகும்."

"எங்கட கங்காணி மாதிரி," என்றான் முனாஸ். "சோம்பேறியை உதைப்பான், துள்ளுறவனை அடக்குவான். பின்னேரம் எல்லாருக்கும் ஒரே கூலி."

தர்மசீலனின் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. "சத்தத்தை அஞ்சு பட்டையாப் பிரிக்கும். அடிப் பட்டையில மேளம், எஞ்சின் உறுமல். நடுவில மனிசக் குரல். அஞ்சாவது பட்டையில கூர்ச் சத்தங்கள். சலங்கை, குருவி, பல்லுக்குள்ளால வாற 'ஸ்', 'ச்'. எல்லாத்துக்கும் முடிவில ஒரு தடுப்பு இருக்கு. அதைத் தாண்டி ஒண்டும் போகக்கூடாது. போனா எங்கட சத்தம் பக்கத்து நிலையத்தின்ர இடத்துக்குள்ள பாயும்."

"வேலி பாஞ்ச மாடு," என்றான் முனாஸ்.

"அதேதான். ஓகஸ்ட் எட்டாம் திகதி பின்னேரம் பாய்ஞ்சது. அஞ்சாவது பட்டை உச்சியில. தடுப்பையும் தூக்கி விட்டிருக்கு. அடுத்த நாள் முறைப்பாடு வந்து, பதினொரு நாள் ஒலிபரப்பை அரசாங்கம் நிப்பாட்டினது. தண்டம் வேற. விளம்பரக்காரருக்குக் காசு திருப்பிக் குடுத்தன். எல்லாமாச் சேர்த்து நாலு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்றைம்பது."

"இதில கைவைக்க ஆரால ஏலும்?" என்றாள் ஸல்ஹா.

"நாலு இலக்கம் ஒண்டு அடிச்சாத்தான் திறக்கும். தெரிஞ்சது மூண்டு பேருக்கு. நான், குஞ்சித்தம்பி, டிலக்சனா. டிலக்சனா எங்கட காலை அறிவிப்பாளர்."

"செய்த மாற்றங்களைப் பெட்டி எழுதி வைக்குமா?"

"வைக்கும். எப்ப, எந்தப் பட்டை, எவ்வளவு. ஆர் எண்டது மட்டும் தெரியாது."

"நீங்க எடுத்துப் பாத்தீங்களா?"

தர்மசீலன் தலையைச் சொறிந்தார். "அவர்தானே ஒத்துக்கொண்டிட்டார். பிறகென்னத்துக்கு எண்டு விட்டிட்டன்."

பதினான்கு மாதக் குறிப்பு அச்சாகி வந்தது. ஸல்ஹா அதை மேசையில் விரித்தாள். முனாஸ் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நான்கு மணிபோல ஐந்தாவது பட்டை அரைப்படி ஏறியிருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே அரைப்படி இறங்கியிருந்தது. ஏற்றம், இறக்கம். நானூறு நாள்.

"பின்னேரம் ஒராள் ஏத்துறார், விடிய ஒராள் இறக்குறார்," என்றான் முனாஸ். "துறைமுகத்தில இப்பிடிச் செய்தா ரெண்டு பேருக்கும் சம்பளம், கப்பல் மட்டும் போகாது."

"பின்னேர வேலை குஞ்சித்தம்பி. காலை வேலை டிலக்சனா," என்றாள் ஸல்ஹா. அவளுடைய விரல் ஓகஸ்டில் போய் நின்றது. மூன்றாம் திகதியிலிருந்து இறக்கம் இல்லை. ஆறு பின்னேரமும் ஏற்றம் மட்டும். ஆறாவது பின்னேரம் தடுப்பும் ஏறியிருந்தது. "அந்த ஆறு நாளும் டிலக்சனா எங்க?"

"லீவு. தம்பலகாமத்தில தமக்கைக்குப் பிள்ளை பிறந்தது," என்றார் தர்மசீலன்.

முனாஸ் ஸல்ஹாவின் காதுக்குள் குனிந்தான். "மிஸ், பிடிச்சிட்டன். விளம்பரக்காரரைக் குளிரப் பண்ண மானேஜர்தான் கூட்டியிருக்கார். அந்தப் பிள்ளை இல்லாத நேரம் பாத்து..."

"முனாஸ் நானா, ஆக்களை விட்டுட்டு இந்த மேசையைக் கொஞ்சம் பாருங்க."

குஞ்சித்தம்பியின் மேசையை இன்னும் யாரும் துடைக்கவில்லை. சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தது. 'பழுது. திருத்தக் கேட்டது மார்ச் 14.' அதற்குக் கீழே, 'மீண்டும் கேட்டது யூன் 2.' அதற்கும் கீழே இன்னொரு திகதி. எல்லாம் இரண்டு வருடத்துக்கு முந்தியவை. ஒலிபெருக்கி இல்லாமல் போனதால் மனிதர் ஹெட்போனில்தான் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஸல்ஹா அதை எடுத்து மாட்டினாள். மாட்டிய வேகத்தில் பிடுங்கி எறிந்தாள்.

"அல்லாஹ்! காது கிழிஞ்சுபோகும்."

மேசை விளிம்பில் ஒரு பென்சில் கிடந்தது. ஒரு முனை பல்லுக் கடித்துச் சப்பையாகிப் போயிருந்தது. மற்ற முனையில் கறுப்புக் கரி. பெட்டிக்குப் பக்கத்திலிருந்த சின்னச் சோதனை ஒலிபெருக்கியின் தகரத்தில் அதே கறுப்பில் ஒரு புள்ளி, தேய்ந்து பளபளத்தது. ஸல்ஹா பென்சிலைக் கைக்குட்டையால் துடைத்துப் பல்லில் கடித்து, மற்ற முனையை அந்தப் புள்ளியில் ஊன்றினாள். கண்ணை மூடினாள்.

"பசிச்சா வெளியில வடை இருக்கு மிஸ்."

அவள் சிரிக்கவில்லை. "நானா, படகு எஞ்சின் பாக்கிற ஆக்கள் என்ன செய்வாங்க?"

"திருப்புளியை எஞ்சின்ல ஊண்டி மற்றப் பக்கத்தை மண்டையில வைப்பாங்க. உள்ளுக்கு என்ன ஆடுது எண்டு..." முனாஸின் வாய் தானாக நின்றது. காது எட்டாததை எலும்பால் பிடிக்கிற வித்தை அது.

டிலக்சனா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது. வானொலியில் கேட்கிற குரலைவிட நேரில் மெல்லிய குரல். ஸல்ஹா அச்சுக் கடதாசியை அடுப்புத் திண்டில் வைத்தாள்.

"தங்கச்சி, இந்த இறக்கமெல்லாம் நீங்க. அவரை மாட்டிவிட இல்ல. அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. கூர்ச் சத்தங்கள் முதல்ல போச்சு. அது அவருக்குத் தெரியல்ல, இல்லாட்டித் தெரிஞ்சும் நம்பல்ல. ஒவ்வொரு பின்னேரமும் தனக்குக் கேக்குற அளவுக்கு ஏத்தினார். நீங்க ஊருக்குக் கேக்குற அளவுக்கு இறக்கினீங்க. சரியா?"

கேத்தில் கையிலேயே இருந்தது. டிலக்சனா அதை வைக்க மறந்துவிட்டாள்.

"என்னை மைக்குக்கு முன்னால இருத்தினதே அவர்தான் மிஸ்," என்றாள். "'உன்ர ஸ் விழுகுதில்லப் பிள்ளை, மைக் பழுதோ' எண்டு கேப்பார். மைக்கில ஒரு பழுதும் இல்ல. சத்தம் பாக்கிற ஆளுக்குக் காது கேக்காது எண்டா ஆர் வேலை குடுப்பினம்? அவரின்ர முகத்தைப் பாத்து நான் எப்பிடிச் சொல்லுறது? விடிய வந்து இறக்கி விட்டா ஒருத்தருக்கும் தெரியாது எண்டு நினைச்சனான்."

"பிறகு லீவில போயிட்டீங்க."

"ஓம். ஆறு நாள். அஞ்சாவது பட்டை ஏற ஏறத் தடுப்பு அதை அமத்தியிருக்கும். அவருக்குத் திரும்பக் கேட்டிருக்காது. அதாலதான் தடுப்பையும் தூக்கியிருக்கிறார்." அவள் கண்ணைத் துடைத்தாள். "முறைப்பாடு வந்த அண்டைக்கு இந்தக் குறிப்பை அவரும் எடுத்துப் பாத்தவர். இங்க வந்து நிண்டு, 'விடிய விடிய இறக்கினது நீயோ பிள்ளை' எண்டு கேட்டவர். நான் ஓம் எண்டனான். அவருக்கு அது கேக்கேல்ல. திரும்பக் கேட்டவர். தலையை ஆட்டினனான். 'பெட்டிதான் இறங்குது எண்டல்லோ நினைச்சிருந்தனான்' எண்டு சொல்லிப்போட்டு, போய்க் கையெழுத்து வச்சிட்டார். வீட்டில தெரிய வேண்டாம் எண்டு என்ர கையைப் பிடிச்சுக் கேட்டவர் மிஸ்."

வெளியே வந்ததும் முனாஸ் ஸல்ஹாவை மறித்தான். முகத்தில் பகிடி ஒரு துளியும் இல்லை.

"இதைப் போய் அந்தப் பொம்பிளையிட்டச் சொல்லப் போறீங்களா? புருசன் பிழை செய்யல்ல எண்டு கேக்க வந்தவ. நாம போய், பிழையும் அவர்ர, கடனும் அவர்ர எண்டு சொல்லுறதா? வேணாம் மிஸ். கண்டுபிடிக்க ஏலல்ல எண்டு சொல்லுவம். என்ர ஓட்டோக் கூலியையும் நான் கேக்கல்ல."

"அவ கேட்டது அது மட்டும் இல்ல நானா." ஸல்ஹா நேரம் பார்த்தாள். "ஒரு மணியில இருந்து மூணு மணி வரைக்கும் நிலையம் ஓய்வு. ரெண்டாம் வாசலுக்குப் போங்க. அவர் நிண்ட இடத்திலேயே நிண்டு, லொறி பின்னுக்கு எடுக்குற சத்தத்தைப் போனில பிடிங்க. வரும்போது ராசமலர் அக்காவையும் ஏத்திட்டு வாங்க."

"லொறி சத்தமா? எதுக்கு?"

"போங்களேன்."

இருபத்திரண்டு வருடம் அந்த வாசலால் போய்வந்தவன்தான் முனாஸ். ஆனாலும் அன்றைக்கு அந்த இடத்தில் நிற்கக் கால் கூசியது. லொறி அவனை நோக்கிப் பின்னுக்கு வந்தபோது போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

ஒன்றேகாலுக்கு எல்லாரும் ஒலிபரப்பு அறையில் இருந்தார்கள். பெட்டியின் விளக்குகள் அசையாமல் நின்றன. ஸல்ஹா சுற்றி வளைக்கவில்லை. காது போனதை, ஏற்றினதை, இறக்கினதை, கையெழுத்து வைத்ததை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். தர்மசீலன் கதிரையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப பிழை அவரின்ரதான்," என்றாள் ராசமலர் முடிவில்.

"ஓம் அக்கா. பெட்டி விசயத்தில அவர்ர பிழைதான். மற்றதையும் கேளுங்க."

முனாஸின் போனைப் பெட்டியோடு இணைத்தார்கள். ஹெட்போனின் சத்தத்தைச் சாதாரண அளவுக்குக் குறைத்து ராசமலரின் காதில் ஸல்ஹாவே மாட்டினாள். டிலக்சனா ஐந்தாவது பட்டையை அடிமட்டத்துக்கு இறக்கினாள். நான்காவதையும் பாதிக்கு. நானூறு காலை பழகின விரல்கள், பார்க்காமலே இறக்கின.

"என்ன கேக்குது அக்கா?"

"ஆக்கள் கதைக்கினம். தூரத்தில. எஞ்சின் உறுமுது. வாசலடியில எந்த நேரமும் இப்பிடித்தானே உறுமும்."

"வேற?"

"வேற ஒண்டும் இல்லை."

"வடிவாக் கேளுங்க."

ராசமலர் கண்ணை மூடிக் கேட்டாள். "இல்லை மிஸ். வேற ஒண்டும் இல்லை."

ஸல்ஹா டிலக்சனாவைப் பார்த்தாள். ஐந்தாவது பட்டை அரை அரையாக ஏறத் தொடங்கியது. மூன்றாம் படியில் ராசமலரின் புருவம் சுருங்கியது. ஐந்தாம் படியில் தலை நிமிர்ந்தது. எட்டாம் படியில் இரண்டு கையாலும் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டாள்.

கீ... கீ... கீ... கீ...

மாட்டாமல் நின்ற முனாஸுக்கே கேட்டது. பின்னுக்கு வருகிற லொறி எச்சரிக்கை அடிக்கிற அந்தக் கூர்ச் சத்தம். செத்தவனும் எழும்புவான் என்று துறைமுகத்தில் பகிடி விடுகிற சத்தம். அந்தப் பகிடியை அவனே எத்தனை தரம் சொல்லியிருக்கிறான்.

"இது அஞ்சாவது பட்டை அக்கா," என்றாள் ஸல்ஹா. "முதல்ல நீங்க கேட்டது அவர்ர காது. இப்ப கேக்குறது மற்றப் பத்துப் பேர்ர காது."

ராசமலர் ஹெட்போனைக் கழற்றவில்லை. முனாஸ் பிடித்துவந்த அந்தப் பதிவு முடியும்வரை கேட்டாள். லொறி நின்றது. யாரோ சாரதியிடம் சரி, சரி என்றார். அதற்குப் பிறகுதான் கழற்றினாள்.

"அவர் வேணுமெண்டு நிக்கேல்ல."

"இல்ல. அவருக்குப் பின்னால ஒண்டுமே வரல்ல. அவர்ர கணக்கில."

"நான் கதைக்கேக்க என்ர வாயையே பாத்துக்கொண்டிருப்பார். இந்த வயசில என்ன பார்வை எண்டு ஏசியிருக்கிறன்." அவளுடைய குரல் தேய்ந்தது. "ரெண்டு வருசம். சொல்லியிருந்தா நான் கத்திக் கதைச்சிருப்பனே. கத்துறதில எனக்கென்ன குறை?"

டிலக்சனா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முனாஸ் விளக்குகளை எண்ணுகிறவன்போல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ராசமலர் மூக்கைத் துடைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். "முதலாளி, பிழை அவரின்ர எண்டா கடனும் அவரின்ரதான். வீட்டை விக்க மூண்டு மாசம் தவணை தாங்கோ."

தர்மசீலன் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஸல்ஹா ஹெட்போனை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கி மாட்டினார். குஞ்சித்தம்பி விட்டுப்போன அளவுக்குச் சத்தத்தை அவளே திருப்பினாள். டிலக்சனா ஒரு பாட்டைப் போட்டாள். முதலாவது வரி முடியவில்லை, அவர் கழற்றிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம்," என்றாள் ஸல்ஹா. "பழுதாப்போன ஸ்பீக்கருக்குப் பதிலா இதைக் கேட்டுத்தான் காது போச்சு. அதில ஒட்டியிருக்கிற கடதாசியை வாசிச்சீங்களா?"

அவர் எழுந்து போய் வாசித்தார். மூன்று திகதிகளையும் வாசித்தார். "மார்ச்சில கரண்ட் பில் கட்ட இருந்தது," என்று தொடங்கினார். "யூனில..." பிறகு தான் சொல்லுவது தனக்கே கேட்டதுபோல் நிறுத்தினார்.

"பெட்டி எழுதி வச்சது, சத்தத்தை ஏத்தினதை மட்டும்," என்றார். "ஸ்பீக்கரைத் திருத்தாம விட்டதை நான்தான் எழுதோணும்."

அலுமாரியைத் திறந்து குஞ்சித்தம்பியின் கடிதத்தையும் வீட்டு உறுதியையும் எடுத்து வந்தார். உறுதியை ராசமலரின் மடியில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு பேனையை எடுத்தார். அது எழுதவில்லை. இரண்டாவதை எடுத்தார்.

"அவர் கட்டின இருபதாயிரத்தையும் திருப்பித் தாறன் அம்மா. தள்ளுபடி எண்டு எழுதிக் கையெழுத்து வைக்கிறன்."

"வேண்டாம்," என்றாள் ராசமலர்.

"என்ன வேண்டாம்?"

"அந்த இருபதாயிரம் வேண்டாம். அது அவர் கட்டினது. தள்ளுபடி எண்டும் எழுதாதேங்கோ. அவர் ஆரிட்டையும் சும்மா ஒண்டும் வாங்கினவர் இல்லை. கட்டினதோட தீர்ந்தது எண்டு எழுதுங்கோ. நாளைக்கு என்ர மகள் அவளின்ர மாமிக்கு அதைக் காட்டோணும்."

தர்மசீலன் ஸல்ஹாவைப் பார்த்தார். பிறகு குனிந்தார். கடிதத்தின் அடியில் மிச்சக் கடனாகக் குறித்திருந்த நான்கு இலட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது என்ற எழுத்துகளின் மேல் ஒரு கோடு இழுத்து, அதன் கீழே எழுதினார். 'குஞ்சித்தம்பி அவர்கள் செலுத்திய இருபதாயிரத்துடன் கணக்குத் தீர்ந்தது.' திகதி போட்டார். கையெழுத்து வைத்தார்.

கடதாசியை ராசமலர் இரண்டு கையாலும் வாங்கினாள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி அவள் வாசித்து முடிக்கும்வரை ஒருவரும் கதிரையை அசைக்கவில்லை.